பைக்குள்ளே என்ன இருக்கு?



மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் படத்தைக் காட்டி ஐம்புலன்களைச் சொல்லிக்கொடுத்தால் ‘கண், காது, மூக்கு’ என்று ஒப்புவிக்கும், அவ்வளவுதான். வன்னியிலுள்ள எங்கள் முன்பள்ளியில் நான் ஒரு துணிப்பையோடுதான் தொடங்குவேன். காசு செலவில்லை, வீட்டிலும் செய்யலாம்.

பழைய சாரத்துண்டில் கை நுழையும் அளவுக்கு வாய் வைத்துப் பையைத் தையுங்கள். உள்ளே தும்பு, தேசிக்காய், அகப்பை, பஞ்சு, தேய்த்த சிரட்டை போடுங்கள். தொண்டையில் சிக்கக்கூடிய சிறு கொட்டைகள் வேண்டாம். பிள்ளை கையை விட்டுத் தடவும்போது பெயரைக் கேட்காமல், “எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். ஒரு பிள்ளை தும்பைத் தொட்டுவிட்டு, “அப்பம்மாவின்ர தலைமயிர்” என்றது. அதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

கண்ணைக் கட்டி விளையாடுபவர்களும் உண்டு. நான் கட்டுவதில்லை. இருட்டென்றால் மிரளுகிற பிள்ளைக்கு அது விளையாட்டல்ல.

மணத்துக்குக் கறுவா, கோப்பித்தூள், கசக்கிய கறிவேப்பிலை போதும். சுவைக்குப் பனங்கட்டி, உப்பு, தேசிப்புளி, அவித்த பாவற்காய். நாக்கு நுனியில்தான் இனிப்புத் தெரியும் என்று நாங்கள் படித்தது சரியல்ல. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் தெரியும்.

சத்தத்துக்கு ஆறு சிறு பேணிகள். இரண்டில் அரிசி, இரண்டில் மணல், இரண்டில் பயறு போட்டு இறுக மூடி, குலுக்கிச் சோடி சேர்க்கவிடுங்கள். தகரத்தை அடித்தோ கடதாசிப் பையை ஊதி உடைத்தோ சத்தம் காட்ட வேண்டாம். பிள்ளை சிரிக்கும். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு அது வேறு சத்தம். பின்னால் நின்று மெதுவாகக் குலுக்கும்போது பல நாளும் திரும்பாத பிள்ளையைக் கவனியுங்கள். ‘சொல்வழி கேளாத பிள்ளை’ என்று ஏச்சு வாங்கும் சிலருக்கு உண்மையில் காதுதான் கேட்பதில்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டினால் எங்கே போவதென்று சொல்லுவார்.

தொடவும் ருசிக்கவும் பழக்குகிற நாங்கள் தொடாமலிருக்கவும் பழக்க வேண்டும். அம்மாவோ ரீச்சரோ தந்ததைத்தான் வாயில் வைக்கலாம். அலரிக்காய் நஞ்சு. அழகென்று பைக்குள் போட ஆசை வரும் குன்றிமணியும் மென்றால் நஞ்சு.

சண்டை 2009இல் முடிந்தாலும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. இன்றைய பிள்ளைகள் சண்டையைக் கண்டதில்லை, ஆனபடியால் துருப்பிடித்த ஒரு சாமான் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான்தான். ஆகவே பையை எடுத்துவைக்க முன் இன்னொரு ஆட்டம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையின் படத்தையோ, துருப்பிடித்த பேணியின் படத்தையோ தூக்கிக் காட்டுவேன். நில், கையைப் பின்னால் கட்டு, வந்த அடியிலேயே திரும்பு, பெரியாளிடம் சொல்லு. எறிந்து பார்ப்பதும் கூடாது. கிழமைக்கு ஒருமுறையாவது இதை விளையாடுகிறோம். வீட்டில் அம்மாமாரும் விளையாடுங்கள். படம் வரைய வராவிட்டால் அடுப்புக்கரியால் ஒரு மண்டையோடு கீறினாலே போதும்.