இரும்புக்கு மருந்துண்டு, ரப்பருக்கு இல்லை

எங்கள் கடற்கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு கடந்து நிந்தவூர் வரையில், கடலுக்கு அண்மையிலுள்ள எந்த வீட்டின் யன்னல் கம்பியைத் தடவினாலும் விரலில் செந்தூள் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், இருபது வருடங்களுக்கு மேலாகப் பின்விறாந்தையில் சாக்கு மூடிக் கிடந்த ஒரு கேஸ் கிரில் அடுப்பை மீண்டும் எரியவைக்க முனைந்தேன். தொண்ணூறுகளில் சவூதியில் தொழில் பார்த்த மச்சான் கப்பலில் பொதி அனுப்பியபோது அதையும் சேர்த்து அனுப்பியிருந்தார். பெருநாளைக்கு இரண்டொரு தடவை எரிந்தது, பின்னர் மறக்கப்பட்டது.

'பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குங்கள்' என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மீட்டெடுத்தல் என்பது எங்களூர் மக்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு, இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறைதான். அந்த நாட்களில் இடிபாடுகளுக்குள் கிடந்த கதவு நிலை, யன்னல் சட்டகம், தகரம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பொறுக்கி, அவற்றைக் கொண்டே பலர் முதற் கூரையை எழுப்பினார்கள். எறியாமல் இருப்பதன் பெறுமதி எங்களுக்குப் பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டியதொன்றல்ல.

அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வார்ப்பிரும்பாலான பர்னர்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஓசை கேட்டார். 'ஆள் நல்லா இருக்கான் மனே. உடுப்பத்தான் மாத்தணும்' என்றார்.

அந்த உடுப்பு மாற்றம் இரண்டு வாரங்கள் நடந்தது. உக்கிப்போன அடித்தட்டுக்குப் பதிலாக, உடைத்த சமையலறையொன்றிலிருந்து வந்த எவர்சில்வர் தொட்டியை வெட்டிப் பொருத்தினோம். கிரில் கம்பிகளுக்குப் பழைய இயந்திரப் படகொன்றின் எவர்சில்வர் கம்பிகள் கிடைத்தன. மூடியின் கைபிடி, மருதமுனையில் கைவிடப்பட்ட நெசவுத்தறியொன்றின் மரத்துண்டு. எத்தனையோ சாரன்களுக்கும் சேலைகளுக்கும் உழைத்த மரம், இப்போது சூடு தாங்குகிறது.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே ரகமல்ல. காந்தம் நன்றாக ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் நிக்கல் சேராத மலிவான ரகம். எங்கள் உப்புக் காற்றுக்கு நெடுநாள் நின்றுபிடிக்காது. ஒட்டாவிட்டால் ஓரளவு நம்பி எடுக்கலாம். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித் தட்டு கிரிலுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். ஆனால் அதில் இறைச்சி சுடுவது பெரும் தவறு. அத்தகைய தட்டுகள் சிலவற்றில் துத்தநாகமோ கட்மியமோ பூசப்பட்டிருக்கும். சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகையாகவும் படிவாகவும் உணவில் சேரும். கல்வனைஸ் தகரத்துக்கும் இதே விதிதான். துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியஸில் உருகிவிடும்; நெருப்புக்கு நேரே அதை வைக்கவே கூடாது.

இவ்வளவும் அறிந்துகொண்ட நான்தான் ஒரு மடத்தனத்தையும் செய்தேன். கடைக்காரர் கடைசியாகச் சொன்னது, 'ஹோசையும் ரெகுலேட்டரையும் புதுசா வாங்குங்க' என்பது. அடுப்போடு வந்த ரப்பர் குழாய் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. எல்லாவற்றையும் பழையதிலிருந்தே செய்து முடித்தேன் என்ற பெருமை வேறு கண்ணை மறைத்தது. ரெகுலேட்டரை மட்டும் வாங்கினேன். சவூதி ரெகுலேட்டர் எங்கள் சிலிண்டரில் பொருந்தாததே அதற்குக் காரணம். பழைய குழாயைக் கிளிப் போட்டு இறுக்கி, அசர் தொழுகைக்குப் பின் பற்றவைத்தேன்.

மேலே எழவேண்டிய சுடர் பின்வாங்கித் திருகுகளுக்குப் பின்னால் எரிந்தது. எரிவாயுவும் காற்றும் கலக்கும் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததைப் பிறகுதான் கண்டோம். அந்தச் சூட்டில் ரப்பர் குழாய் வெடித்தது. பக்கத்தில் நின்ற தங்கையின் மகனுக்குப் புருவமும் முன்மயிரும் கருகின. சிலிண்டர் வாயை மூடக் கை எட்டியதால், அல்லாஹ்வின் காவலால், அத்தோடு போயிற்று. தவறு முழுவதும் என்னுடையது.

மறுநாள் வெட்கத்தோடு கடைக்குப் போனேன். கிழவர் ஏசவில்லை. குழாயை வாங்கி வளைத்துக் காட்டினார். நூல்நூலாய் வெடிப்புகள். 'இரும்பு நோயாளி மனே, வைத்தியம் பார்க்கலாம். ரப்பர் மௌத்து. மௌத்த எழுப்பேலா' என்றார்.

இதைவிடத் தெளிவான பாதுகாப்பு விதியை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. நெருப்பைத் தாங்கும் பகுதிகள் எத்தனை பழையவையாகவும் இருக்கலாம். எரிவாயு செல்லும் வழி மட்டும் புதியதாக இருக்கவேண்டும். குழாய், ரெகுலேட்டர், கிளிப், வாசர் ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமே அல்ல.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தன, குழு அமைக்கப்பட்டது, புரொப்பேன், பியூட்டேன் கலவை மாற்றம் பெரும் சர்ச்சையானது. அந்தச் சர்ச்சையின் அடிப்படை எளிமையானது. எங்கள் வெயிலின் 30 பாகைச் சூட்டில் தனிப் பியூட்டேனின் ஆவியழுத்தம் வளிமண்டலத்தைப் போல் மூன்று மடங்குக்கும் குறைவு. தனிப் புரொப்பேனுடையது பத்து மடங்களவு. கலவையில் புரொப்பேன் கூடக்கூட, தேய்ந்த ரெகுலேட்டரின்மேல் விழும் சுமையும் கூடும். கலவைக்குக் கம்பனிகளும் அரசும்தான் பதில் சொல்லவேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எங்கள் குசினியிலுள்ள பத்து வருடக் குழாய்க்கு யார் பதில் சொல்வது?

அடுத்து 2022 வந்தது. ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டரின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. வெற்றுச் சிலிண்டர்களுடன் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய உதிரிப்பாகங்களும் அரிதாயின. ஓட்டை அடுப்பும் ஒட்டுப்போட்ட குழாயுமாகப் பல வீடுகள் காலம் தள்ளின. அந்த நெருக்கடி தணிந்துவிட்டது. அது பழக்கிவிட்ட பழக்கம் தணியவில்லை.

இங்கு இரண்டு கட்சியார் இருக்கிறார்கள். ஒரு சாரார் பழையது என்றாலே ஆபத்து, எறி என்பார்கள். மறு சாரார் எதையும் எறியாதே, கம்பி சுற்றிச் சமாளி என்பார்கள். நான் இரண்டுக்கும் எதிரானவன். நல்ல வார்ப்பிரும்புப் பர்னரை எறிவது வீண்விரயம். மார்க்கமும் விரும்பாத காரியம். அழிந்த ரப்பரைச் சமாளிப்பது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்தறியும் அறிவே திருத்துவோனின் உண்மையான தொழில். அந்த அறிவு இந்தக் கிழவரோடு முடிந்துவிடக் கூடாது.

சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. ஒலுவிலில் பொறியியற் பீடத்துடன் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. எங்கள் ஊர்களின் அடுப்புத் திருத்துவோரை அழைத்து நான்கு சனிக்கிழமை வகுப்பு நடத்தி, முடிவில் ஒரு சான்றிதழ் கொடுப்பது பெரிய காரியமா? அவர்களிடமிருந்து விரிவுரையாளர்களும் கற்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உழ்ஹிய்யா இறைச்சி வீடுவீடாகச் சேரும் காலத்தில், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் இரண்டு நிமிட அறிவித்தல் போதும்: சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா பாருங்கள்; எரிவாயு காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு தங்கும், ஆகவே சிலிண்டரை அடைத்த பெட்டிக்குள் வைக்காதீர்கள்; எஸ்.எல்.எஸ். இலச்சினை இல்லாத குழாயை வாங்காதீர்கள்.

என் அடுப்பு இப்போது நன்றாக எரிகிறது. புதிய குழாயின்மேல் வாங்கிய திகதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை பாரை மீன் சுட்டோம். மருமகனுக்குப் புருவம் மீண்டும் முளைத்துவிட்டது. ஆயினும் நான் நெருப்புக்குச்சியை எடுத்தால் அவன் இரண்டடி பின்னுக்குப் போகிறான்.

உங்கள் வீட்டுக் குழாயை இன்றிரவு ஒரு தடவை வளைத்துப் பாருங்கள்.