காய்ச்சல் விட்ட இரவு



பாகூர்ப் பகுதியிலுள்ள மணப்பட்டிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாருக்கு டெங்குக் காய்ச்சல். நான்காம் நாள் மாலையில் காய்ச்சல் விட்டது. வீட்டார் நிம்மதியுடன் உறங்கச் சென்றனர். நள்ளிரவில் அவர் நிலைகொள்ளாமல் புரள்வதையும், கை கால்கள் சில்லிட்டிருப்பதையும் மருமகள் கண்டார். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, விடியட்டும்" என்றனர் மற்றவர்கள். அவர் விடியும்வரை காத்திருக்கவில்லை. மாமனார் இன்று நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். "நான் பதறியது சரிதானா?" என்று கேட்கிறார் அச்சகோதரி.

முற்றிலும் சரி. டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் தணியும் வேளையில்தான், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையே தொடங்குகிறது. அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவதால் இரத்த அழுத்தம் சரியக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், கறுத்த மலம், அமைதியின்மை, அளவுமீறிய சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றிரவே புறப்பட வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் புரூஃபெனும் இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

எந்த நோயானாலும் நோயாளியின் மூச்சை எண்ணிப் பாருங்கள். அவர் அறியாமல், மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் கவனியுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐத் தொட்டால் தாமதிக்கலாகாது. இங்கிலாந்தின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வகுத்த எச்சரிக்கை மதிப்பீட்டில், இந்த ஓர் அளவுக்கே உச்ச மதிப்பெண் உண்டு. புதிதாகத் தோன்றும் மனக்குழப்பத்தையும் 2017இல் அதில் சேர்த்தார்கள். நம் வீடுகளிலோ, "வயதாகிவிட்டது, உளறுகிறார்" என்று ஒதுக்கிவிடுகிறோம்! நேற்றுவரை பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தவர் இன்று தடுமாறினால் அது முதுமையன்று.

நீரிழிவுள்ளவர் நோன்பிருக்கையில் வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். 70க்குக் கீழே இறங்கினால் மஃக்ரிப் நெருங்கிவிட்டது என்று பார்க்காமல் நோன்பை முறிக்க வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை அது.

மருத்துவமனையில் சேர்த்த பின்பும் உங்கள் கண்களுக்கு வேலை உண்டு. 2021இல் இலண்டனில் மார்த்தா மில்ஸ் என்னும் 13 வயதுச் சிறுமி, கிருமித்தொற்று இரத்தத்தில் பரவி இறந்தாள். பெற்றோர் அஞ்சி எச்சரித்தும் போதிய கவனம் கிடைக்கவில்லை. 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில், குடும்பத்தார் கேட்டால் வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்கும் விதி அவள் பெயரால் நடைமுறைக்கு வந்தது. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், "காலையில் எழுந்து உட்கார்ந்தார், இப்போது கண் திறக்கவில்லை, ஒருமுறை வந்து பாருங்கள்" என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்லத் தயங்காதீர்கள். "எப்படியோ இருக்கிறார்" என்பதைவிட நேரமும் மாற்றமும் சொல்வது மருத்துவருக்குப் பயன்படும்.

நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஸம்ஸம் நீராயினும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். மாத்திரைச் சீட்டுகளை ஒரு பையில் எடுத்து வையுங்கள். வண்டி இருட்டில் தெருவைத் தேடி அலையாதபடி, ஒருவர் டார்ச் விளக்குடன் சாலை முனையில் நிற்கட்டும்.