எட்டுப் போட்டால் போதுமா?

ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு மாதமும் பிறந்துவிடுகிறது. துணியில் எழுதிக் கட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஊர்வலம் விடுகிறார்கள். மந்திரிமார் புது ஹெல்மெட் மாட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிரசங்கம் மட்டும் ஆண்டுதோறும் ஒன்றேதான்: விபத்துக்கெல்லாம் காரணம் ஜனங்களின் அலட்சியம்!

யாருடைய அலட்சியம்? மத்திய சர்க்காரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். நூற்றுக்கு 68 சாவு கிராமப்புறத்தில் நடந்திருக்கிறது. கிராமத்திலே மோட்டார் சைக்கிளிலும் மொபெட்டிலும் போகிறவர் யார்? ஷிப்டுக்கு ஓடுகிறவர், நடவுக்கு ஓடுகிறவர், பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர், பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்.

ஆசைக்காக வண்டி வாங்கியவர்கள் அல்ல நம் ஜனங்கள். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ஏ.எப்.டி. ஆலையை மூடினார்கள். சுதேசி, பாரதி ஆலைகளின் கதியும் அதுதான். சைக்கிளில் மிதித்துப் போய்ச் சேர்ந்த வேலை போயிற்று. இன்று வில்லியனூர்க்காரர் சேதராப்பட்டுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் வேலை தேடிப் போகிறார். பாகூர், குருவிநத்தம் பக்கத்துத் தோழர் கன்னியகோவில் வழியாகக் கடலூர் சாலையில் ஏறுகிறார். இரவு ஷிப்டு முடியும் நேரத்துக்கு பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க முடியுமா? கடன் வாங்கியாவது பழைய வண்டி ஒன்றை வாங்கித்தான் தீர வேண்டியிருக்கிறது.

அந்த வண்டியை ஓட்ட இவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? மச்சான் கற்றுக்கொடுத்தார், அல்லது யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. லாரி, பஸ் ஓட்டப் பள்ளிச் சான்றிதழ் கேட்கிற மோட்டார் வாகன விதிகள், மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கேட்பதில்லை. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்கள் என்று ஒரு திட்டம் வந்தது. அதிலே கார் கற்க 29 மணி நேரம் வகுத்திருக்கிறார்கள். முடித்தவருக்கு சர்க்கார் பரீட்சையிலிருந்தே விலக்கு! பணம் உள்ளவர் படித்துப் பாஸாகிறார். கூலிக்காரர் ரோட்டிலே விழுந்து படிக்கிறார்.

பரீட்சைதான் என்ன? மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். கால் ஊன்றாமல் சுற்றி வந்தால் வெற்றி. எட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. மெதுவாகப் போகும்போது வண்டியை அடக்கத் தெரிவது நல்லதுதான். ஆனால் ஆளைக் கொல்லுவது எட்டா? 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 11 மீட்டர் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகல்லவா பிரேக் பிடிக்கவே தொடங்குகிறது! இருட்டிலே முன்னால் சிவப்பு விளக்கில்லாத கரும்பு டிராக்டர் நின்றால் இந்தக் கணக்குதான் உயிர்க் கணக்கு. எந்த மைதானத்தில் இதைச் சொல்லித் தருகிறார்கள்?

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று ஊரில் சொல்வார்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மீதும், வளைவில் கொட்டிக் கிடக்கிற மணல் மீதும் இது சரி. அங்கே முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். ஆனால் காய்ந்த தார் ரோட்டில் நேராகப் போகும்போது வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். வேகம் குறையும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்தில் வந்து அழுத்துவதே காரணம். இரண்டையும் சேர்த்து, திடீரென்று பிடிக்காமல் வரவர இறுக்க வேண்டும். பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தால் நிற்கும் தூரமும் தடுமாற்றமும் வேறு. பத்துத் தடவை மைதானத்தில் செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும். செய்து பார்க்க இடம் கொடுத்தார்களா? சொல்லிக் கொடுக்க ஆள் வைத்தார்களா?

அபராதம் மட்டும் தயாராக இருக்கிறது! லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் முன்பு 500 ரூபாய். 2019-இல் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள். 3 மாதம் வரை சிறையும் உண்டு. மத்திய விதிகள் 2016-இல் வைத்த கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள்: பழகுநர் லைசென்ஸ் 150, அதன் பரீட்சை 50, ஓட்டும் பரீட்சை 300, லைசென்ஸ் 200, ஆக 700 ரூபாய். இதோடு அலைகிற நாட்களின் கூலியும் போகிறது. புரோக்கர் சும்மா இருப்பாரா? நாட்டில் எந்த லைசென்ஸ் ஆபீஸ் வாசலிலும் அவர் நிற்கிறார். அவர் வாங்கித் தருகிற அட்டை போலீஸ்காரரிடம் காட்ட உதவும். டிராக்டர் முன்னால் உதவாது.

அதற்காக லைசென்ஸை அலட்சியம் செய்கிற தோழர்களோடும் நமக்குச் சண்டை உண்டு. தமது பெயரில் உள்ள வண்டியை ஓட்டுகிறவருக்குக் கட்டாய விபத்து இன்சூரன்ஸ் 2018 முதல் 15 லட்ச ரூபாய். அவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு அந்தப் பணம் சேர வேண்டுமானால் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாம் மோதி இன்னொருவருக்கு அடிபட்டாலும் ஆபத்துதான். கம்பெனி அவருக்கு நஷ்ட ஈடு கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாததைக் காட்டி வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்க உச்ச நீதிமன்றம் 2004-இலேயே வழிவிட்டிருக்கிறது. காணி நிலமும் போகும்! ஹெல்மெட்டும் அப்படித்தான். 2022-இல் ஹெல்மெட் போடாமல் மாண்டவர்கள் 50,029 பேர். தலை வெந்துபோகிறது என்று சொல்லுகிற தோழர் இந்த எண்ணை ஒரு தரம் படிக்கட்டும்.

புதுச்சேரியில் 2019 பிப்ரவரியில் நடந்த கூத்து நினைவிருக்கும். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நடுரோட்டில் நின்று ஹெல்மெட் போடாதவர்களை மறித்தார். முதல்வர் நாராயணசாமி ஆளுநர் மாளிகை வாசலில் தர்ணா உட்கார்ந்தார். அவர் சொன்ன புகார்களில் ஹெல்மெட் விவகாரமும் ஒன்று. போடு என்று ஒரு சண்டை, அவசரப்படாதே என்று ஒரு சண்டை. ஓட்டக் கற்றுக்கொடு என்று எந்த மாளிகை வாசலில் யார் உட்கார்ந்தார்கள்?

வேலைக்குப் போகிற பாதை வேலையின் ஒரு பகுதி. இது நம் கற்பனை அல்ல. சர்க்காரே ஒப்புக்கொண்ட சங்கதி. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேர்கிற விபத்தை வேலைக் காயமாக ஏற்க 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தினார்கள். அடிபட்ட பிறகு வேலைக் காயம் என்றால், அடிபடாமல் இருக்கக் கற்பது மட்டும் தொழிலாளியின் சொந்தச் செலவா? மிஷினில் கை வைக்குமுன் பழக்க வேண்டியது முதலாளியின் கடமை. ரோட்டுக்கும் அதே நியாயம்தான். விவசாயக் கூலிக்கு ஈ.எஸ்.ஐ. ஏது? ஆகவே அவர் பயிற்சிக்கு சர்க்கார்தான் பொறுப்பு.

இது நடக்காத காரியமா? பிரிட்டனில் 1990 முதல் அடிப்படைப் பயிற்சி முடிக்காமல் கற்கிறவர் மோட்டார் சைக்கிளை ரோட்டில் இறக்கவே முடியாது. நம்மை ஆண்ட பிரான்சில், கார் லைசென்ஸ் உள்ளவரும் 125 சி.சி. வண்டி ஏற வேண்டுமானால் 2011 முதல் 7 மணி நேரப் பயிற்சி. அவ்வளவு தூரம் போவானேன்! கேரளத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024-இல் ஓட்டுநர் பள்ளி திறந்தது. இரு சக்கர வண்டிக்கு 3,500 ரூபாய் வைத்தார்கள். கூலிக்காரருக்கு அதுவும் அதிகம்தான். ஆனாலும் சர்க்கார் பள்ளி நடத்த முடியும் என்பது தெரிந்துவிட்டதல்லவா? இங்கே பி.ஆர்.டி.சி. இருக்கிறது, பஸ் ஓட்டிப் பழகிய டிரைவர்கள் இருக்கிறார்கள்.

கொம்யூன் பஞ்சாயத்தைக் கேட்கலாமே என்பீர்கள். 2006-இல் தேர்தல் நடந்தது. 2011-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. கேட்க மெம்பர் இல்லாத ஊரில் நாம்தான் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

ஆலைக் கிளைகள் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கட்டும்: சம்பளத்தோடு இரண்டு நாள் பயிற்சி. விவசாயத் தொழிலாளர் கிளைகள் வில்லியனூரிலும் பாகூரிலும் கையெழுத்து வாங்கட்டும்: ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுப் பள்ளி மைதானத்தில் தமிழில் இலவச வகுப்பு, பழக நாலு வண்டி, பெண்களுக்குத் தனி நேரம், முடித்தவருக்கு அங்கேயே லைசென்ஸ் பரீட்சை. மனுவில் முதல் கையெழுத்து, மொபெட்டில் நடவுக்குப் போகிற தாய்மார்களுடையதாக இருக்கட்டும்.