வீழ்ந்த தாங்கிக்குக் காவல். விடாய்த்த ஊருக்கு யார் காவல்?

ஊர் தனக்குரிய அடையாளத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். ஆலமரம் நின்ற இடம் ஆலடி. புளி நின்ற இடம் புளியடி. விநாயகர் வீற்றிருக்கும் இடம் பிள்ளையாரடி. அந்த வரிசையில் நீர்த்தாங்கி எழும்பிய இடமும் தாங்கியடி ஆகிவிடும். வர்த்தமானியில் அறிவித்து வருவதன்று அப்பெயர். வழி கேட்டவனுக்கு வழி சொன்ன வாய்களில் பிறப்பது. ‘அடி’ என்ற அச்சிறு சொல்லுக்குள் நிழல் இருக்கிறது, தஞ்சம் இருக்கிறது. ஒரு தாங்கியை மக்கள் நேசிப்பது அதன் உயரத்துக்காக அன்று. தங்கள் பிள்ளைகளின் தொண்டை நனைவதற்கு அது பொறுப்பாக நிற்கிறது என்ற நம்பிக்கைக்காகவே.

ஆனால் இத்தீவில் ஒரு நீர்த்தாங்கி, நின்றதனால் அன்றி வீழ்ந்ததனால் புகழ்பெற்றது. கிளிநொச்சி நகரில், கண்டி வீதியோரத்தில், தலைகுப்புறச் சரிந்து கிடந்த அந்தப் பெருந்தாங்கியை அறியாதார் இல்லை. 2009 ஜனவரி 2 ஆம் நாள் அரச படைகள் நகருக்குள் புகுந்தன. பின்வாங்கிய புலிகளே தாங்கியைத் தகர்த்தனர் என்று அரசு தரப்பு கூறியது. போர் ஓய்ந்தது, சிதைவுகள் அகற்றப்பட்டன, வீதி செப்பனிடப்பட்டது. தாங்கி மட்டும் கிடந்தபடியே கிடந்தது. அதன் அருகே அழிவை மறுக்குமாறு போதிக்கும் பலகை நாட்டப்பட்டது. நினைவுப்பொருட் கடையும் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக வந்தோர் அதன் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு போயினர். தாகம் தீர்க்கக் கட்டியதொன்று காட்சிப்பொருளாயிற்று!

கட்டைபறிச்சானிலிருந்து கிளிநொச்சித் தாங்கியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்கிறோம். அந்தத் தாங்கியின் கதை கிளிநொச்சியில் தொடங்கவில்லை. அது தொடங்கியது எங்கள் கொட்டியாரப்பற்றில்.

2006 ஜூலை 21 ஆம் நாள் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. மூடியவர்கள் புலிகள். தண்ணீர் இழந்தோர் கீழ்ப்புறத்து வயல்களை நம்பிய ஏறத்தாழ 15,000 குடும்பங்கள். அன்று முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் ஒன்று என்ன தெரியுமா? தங்கள் ஆளுகைக்குட்பட்ட மூதூர் கிழக்கிலும் குடிநீருக்கு ஒரு நீர்த்தாங்கி கட்டித்தர வேண்டும் என்பதே! ஒரு நாட்டின் இறுதிப் போர் ஒரு தாங்கிக்கான கோரிக்கையோடு தொடங்கி, வீழ்ந்த இன்னொரு தாங்கியைக் கண்காட்சியாக்கி முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் மாண்டவர்களின் எண்ணிக்கையை இந்நாட்டு அரசு இன்னும் ஒழுங்காகக் கணக்கெடுக்கவில்லை.

ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவோம். உழவனின் மதகை மூடியது பிழை. மூடிய கை எவருடையதாயினும் பிழை. சிங்கள உழவனின் வயல் காய்ந்தால் தமிழ் உழவனின் வயிறு நிறையாது. ஆனால் அந்தப் பிழைக்கு அரசு கொடுத்த விடை என்ன? போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவரே மதகைத் திறக்கச் சென்ற வேளையிலும் எறிகணைகள் விழுந்தன. தண்ணீருக்காகவே படை நடத்துகிறோம் என்றவர்கள், தண்ணீர் திறக்கப்படும் வரை பொறுத்திருக்கவில்லை.

அதே ஆகஸ்ட் மாதத்தில் மூதூர் நகரம் போர்க்களமாயிற்று. முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கந்தளாயை நோக்கி நடந்தனர். ஆகஸ்ட் 4 ஆம் நாள், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமாகிய பட்டினிக்கு எதிரான அமைப்பின் ஊழியர் பதினேழு பேர், தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். ஆழிப்பேரலையால் அழிந்த ஊர்களுக்குக் குடிநீரும் சுகாதார வசதியும் ஏற்படுத்த வந்தவர்கள் அவர்கள். அரச படையினரே பொறுப்பு என்று கண்காணிப்புக் குழு அதே மாதத்தில் அறிவித்தது, அரசு மறுத்தது. இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1660 இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஓர் ஆங்கிலேயர் கொட்டியாரத்தில் சிறைபிடிக்கப்பட்டதற்கு மூதூரில் நினைவுக்கல் நாட்டத் தெரிந்த நாடு இது. தண்ணீர் கொண்டுவந்த பதினேழு பேருக்கு அரசு நாட்டிய கல் எங்கே?

செப்டம்பரில் சம்பூர் வீழ்ந்தது. 2007 இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அம்மக்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் முகாம் வாழ்வு வாழ்ந்தனர். 2015 இலும் 2016 இலும் நிலம் திரும்பக் கிடைத்தபோது, வீடிருந்த இடத்தில் வீடில்லை. கிளிநொச்சியில் இடிந்ததொன்றைப் பேணிக் காத்தவர்கள், சம்பூரில் இடிந்த வீடுகளின் முன் ஒரு பலகையாவது நாட்டினார்களா?

‘அழிவின் பாடத்தை மறவாதிருக்கவே தாங்கியைக் காத்தோம்’ என்பர். ஹிரோசிமாவைக் காட்டுவர். நல்லது, அதையே எடுத்துக்கொள்வோம். அணுகுண்டில் எஞ்சிய அக்கட்டடத்தை நிலையாகக் காப்பதென்று 1966 இல் தீர்மானித்தது ஹிரோசிமா மாநகர சபை. குண்டைப் பொறுத்த நகரமே தன் காயத்தை எப்படிக் காட்டுவதென்று முடிவு செய்தது. கிளிநொச்சியில் முடிவு செய்தது யார்? தாங்கியின் தண்ணீரைக் குடித்த மக்களா? நகரைக் கைப்பற்றிய தரப்பா?

நீதிமன்றம் அறிந்தோர்க்கு இதில் மயக்கம் வேண்டியதில்லை. சான்றுப்பொருள் தானாகப் பேசாது. அதை முன்வைப்பவன் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். பொருளைக் கையில் வைத்திருப்பவனே சாட்சியாகவும், சாட்சியே நீதிபதியாகவும் அமர்ந்து, தீர்ப்பைப் பலகையில் எழுதி நாட்டினால், அதற்குப் பெயர் வரலாறு அன்று, வெற்றிப் பறை.

சட்டத்தையே பார்ப்போம். ஜெனீவாச் சமவாயங்களுக்கு 1977 இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் மேலதிக நெறிமுறையின் 14 ஆம் உறுப்புரை, பொதுமக்களைப் பட்டினியிடும் நோக்கில் குடிநீர் நிலையங்களையும் நீர்ப்பாசன வேலைகளையும் அழிப்பதைத் தடை செய்கிறது. மதகை மூடியவனையும் கேட்கும் சட்டம் அது. தாங்கியைத் தகர்த்தவனையும் கேட்கும் சட்டம் அது. போர் நடந்த காலம் முழுவதும் இலங்கை அரசு அந்நெறிமுறையில் சேரவில்லை. தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஏற்காத அரசு, எதிரி அச்சட்டத்தை மீறினான் என்று வீதியோரத்தில் பலகை நாட்டுகிறது!

தமிழன் ஒருவனுக்கே இக்கொடுமை என்றும் யாம் சொல்லோம். 2013 ஆகஸ்ட் 1 ஆம் நாள் வெலிவேரிய ரதுபஸ்வலவில் சுத்தமான தண்ணீர் கேட்டு வீதிக்கு வந்த சிங்கள மக்கள்மீதும் இராணுவம் சுட்டது; மூவர் மாண்டனர். தண்ணீர் கேட்பவனை எதிரியாகக் காணும் அரசுக்கு, கேட்பவனின் மொழி இரண்டாவது செய்திதான்.

இனி நினைவைப் பற்றி ஒரு சொல். 2024 மே மாதத்தில் எங்கள் அயலூராகிய சேனையூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வழங்கியதற்காக, பல்கலைக்கழக மாணவி ஒருவர் உட்பட நால்வரைச் சம்பூர்ப் பொலிஸார் கைது செய்தனர். எச்சட்டத்தின் கீழ்? குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ்! உரிமையின் பெயர் தாங்கிய 2007 ஆம் ஆண்டுச் சட்டம், கஞ்சி வார்த்த பெண்களின் கைக்கு விலங்காயிற்று. அக்கஞ்சியில் இருந்தது என்ன? தண்ணீர், அரிசி, உப்பு. வீழ்ந்த தாங்கியை நினைவூட்டுவது தேசக் கடமை; அந்தப் போரிலே பசித்து மாண்டவர்களுக்காகக் கஞ்சி காய்ச்சுவது குற்றமா? நினைவுக்கும் இனம் பார்த்துத்தான் அனுமதிச் சீட்டா?

எனவே நாம் கேட்பவை நான்கு. கிளிநொச்சித் தாங்கியை என்ன செய்வதென்ற முடிவு அம்மக்களிடமும் அவர்கள் தெரிந்தெடுத்த பிரதேச சபையிடமும் விடப்படுக. மூதூரில் மாண்ட பதினேழு பேரின் வழக்கு மீண்டும் எடுக்கப்படுக. இரண்டாம் மேலதிக நெறிமுறையில் அரசு சேர்ந்து, குடிநீர் உரிமையை அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதுக. இறந்தோரை நினைப்பதற்கு எதிராக உரிமைச் சட்டத்தை ஏவுவது நிறுத்தப்படுக.

இவற்றுள் எதுவும் பிரிவினை அன்று. எதுவும் சலுகையும் அன்று. சுன்னாகத்து நிலத்தடி நீர் எண்ணெய்க் கழிவால் மாசுற்ற வழக்கில், மின்னிலைய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கேட்டதனால் வந்தது அது; வாளாவிருந்திருந்தால் வந்திராது. கொட்டியாரத்தின் தமிழரும் முஸ்லிம்களும், சேருவிலையின் சிங்கள உழவரும் ஒரே ஆற்றின் நீரைப் பங்கிடுபவர்கள். அவர்கள் ஒரே வரிசையில் நின்று கேட்கும் நாளில் எந்த மதகும் ஆயுதமாகாது. எந்தத் தாங்கியும் கொள்ளைப்பொருளாகாது.

வீழ்ந்து கிடப்பதைக் காட்டி எம்மைத் தலைகுனியச் செய்ய வேண்டாம். நிமிர்ந்து நிற்பதொன்றைக் கட்டுங்கள். அதில் தண்ணீர் நிறையுங்கள். அதற்குப் பெயரிடும் வேலையை ஊர் பார்த்துக்கொள்ளும்.