அன்லிமிடெட் என்றால் எவ்வளவு?

இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசித்தால் போதும். ஆனால் வாசிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வகுப்பில் பாடத்தைக் கவனிக்காமல் தலையாட்டியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இரண்டு பிள்ளைகள் வந்து உட்காரும். அக்காவும் தங்கையும். அவர்களுடைய அம்மா என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள், இப்போது பீடி சுற்றுகிறாள். பெரியவள் டிகிரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். சின்னவள் பிளஸ் டூ. அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன். அதில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அண்ணன்காரன் காலையிலேயே அதைத் தீர்த்துவிடுவான். "ஏட்டி, நம்ம வீட்டுக்கு வாங்க, வைஃபை சும்மாதானே கெடக்கு" என்று நான்தான் கூப்பிட்டேன்.

சும்மா கிடக்கிறது என்று நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. வீரவநல்லூரில் எங்கள் தெருமுனையில் கட்டியிருந்த தட்டியில் தமிழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: மாதம் 599 ரூபாய், 50 எம்பிபிஎஸ், அன்லிமிடெட். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கடுகளவில் ஒரு நட்சத்திரம். தட்டியின் அடியில், கண்ணாடி போட்டும் எனக்கு எட்டாத அளவில், ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை யார் குனிந்து படித்தார்கள்? கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டவரையில் இது ஒரு கம்பெனியின் பழக்கம் மட்டும் இல்லை.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. இருபது தேதிக்கு மேல் எல்லாமே இழுக்க ஆரம்பித்தது. போன் பண்ணினால், "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா" என்றார்கள். பண்ணினோம். பிறகு ஒரு பையன் வந்து வயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, லைன்ல கொஞ்சம் லோடு என்றான். ஒன்றாம் தேதி தானாகவே சரியானது. அடுத்த மாதம் இருபதுக்குப் பிறகு மறுபடியும் அதே கதை. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மகளுக்கு மீட்டிங் நடுவில் அறுந்து அறுந்து போனது. அவள் கோபத்தில், பிள்ளைகள் காதில் விழும்படியே, "வர்றவங்க போறவங்க எல்லாம் கனெக்ட் பண்ணினா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டாள். நானும் அதைத் தடுத்து ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

மறுநாள் பெரியவளுக்கு மாதிரித் தேர்வு. 200 கேள்வி, 3 மணி நேரம். நடுவில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் இருவருமே வரவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு, "நாங்க வந்து பாக்கிறதாலதான் ஒங்க நெட்டு தீந்துபோவுதோ டீச்சர்" என்றாள் சின்னவள். அவள் அம்மா பீடி இலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். வருகைப் பதிவேடு போட்டுப் பழகின கை அல்லவா? தேதி, மணி, வேகம் என்று கோடு போட்டு, காலையும் மாலையும் போனில் வேகத்தைச் சோதித்து எழுதினேன். இரண்டு மாதம் விடாமல் எழுதினேன். முதல் இருபது நாட்கள் 46, 48, 50 என்று வந்தது. அதன்பிறகு ஒரு நாள்கூட 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. ஒன்றாம் தேதி காலையில் மறுபடியும் 49. லைனில் லோடு என்றால் அதற்கு காலண்டர் தெரியுமா?

நோட்டைக் காட்டியதும் அந்தப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "அது எஃப்யூபி டீச்சர், 300 ஜிபி தாண்டினா ஸ்பீடு கொறஞ்சிரும்" என்றான். எஃப்யூபி என்றால் ஃபேர் யூசேஜ் பாலிசி. நியாயமான பயன்பாட்டுக் கொள்கையாம். நியாயம் என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள். இந்த 300 எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கம்பெனி வெப்சைட்டில், ஆங்கில நிபந்தனைகளுக்குள் எங்கேயோ இருந்ததை மகள்தான் தேடி எடுத்துக் காட்டினாள். அவளுக்கும் முகம் சுருங்கிப் போனது.

பிறகு கணக்குப் போட்டோம். வகுப்பு வீடியோவைச் சாதாரணத் தரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி அளவில்தான் ஆகும். அந்தப் பிள்ளைகள் மாதம் முழுக்கப் பார்த்தாலும் 30 ஜிபி தேறாது. ஹெச்டி தரத்தில் டிவியில் பார்த்தால் மணிக்கு 2 முதல் 3 ஜிபி வரை போகும். எங்கள் வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்திப் பாட்டில் ஆரம்பித்து, மத்தியானம் பழைய படம், ராத்திரி கச்சேரி என்று டிவியில் யூடியூபை ஓடவிட்டுக்கொண்டு, முக்கால்வாசி நேரம் அதன் எதிரிலேயே தூங்கிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்க வீட்டு சார்தான். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றாலும் 10 ஜிபிக்கு மேல். முந்நூறும் அங்கேதான் போயிருக்கிறது. பழி விழுந்தது ஒரு ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்த பிள்ளைகள் மேல்.

என் மனத்தாங்கல் 300 ஜிபி என்ற அளவின் மேல் இல்லை. அளவு இருக்கட்டும். உங்களில் சிலர் இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறீர்கள். "டீச்சர், ஒரே கேபிள்ல பல வீடு. ஒருத்தர் மொத்தத்தையும் இழுத்தா மத்தவங்களுக்குக் கிடைக்காது" என்பீர்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்தவளுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாயில் மேல்மடைக்காரர் இஷ்டத்துக்குத் திறந்து வைத்தால் கடைமடை காயும். அதனால்தான் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுகிறார்கள். ஆனால் அந்த முறை எல்லோருக்கும் தெரிந்த முறை. பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இன்றைக்கு எத்தனை அடி இருக்கிறது, எத்தனை கன அடி வருகிறது, எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்று தினமும் பேப்பரில் வருகிறது. டீக்கடையில் அதைப் படித்துவிட்டுத்தான் காருக்கு நாற்று விடலாமா, பிசானத்துக்குப் பொறுக்கலாமா என்று முடிவு செய்கிறோம். "தண்ணீர் அன்லிமிடெட்" என்று ஷட்டரில் எழுதி வைத்துவிட்டு, பயிர் பொதி கட்டும் நேரத்தில் சொல்லாமல் அடைத்தால் இந்த ஊர் சும்மா இருக்குமா?

கரண்டுக்கும் அப்படித்தான். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும் என்பது படிக்காத கிழவிக்கும் தெரியும். மீட்டர் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. இண்டர்நெட் மீட்டர் மட்டும் கம்பெனிக்காரர் கையில்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நெரிசல் என்பது ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் வருவது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் இறக்கிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த புதிதில் ஒரு திட்டத்தில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கே கிடையாது. என் மகன் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போடுவான். பகலுக்கு அளவு உண்டு, ராத்திரிக்கு இல்லை என்று பச்சைப் பிள்ளைக்கும் புரிந்தது. இப்போதைய மாதக் கணக்கு நெரிசலையும் தீர்ப்பதில்லை, ஆளுக்கும் சொல்வதில்லை.

பெரிய கம்பெனிகளும் விலக்கு இல்லை. 2020 ஆகஸ்ட் கடைசியில் ஜியோஃபைபர் 399 ரூபாயிலிருந்து தொடங்கும் திட்டங்களை "ட்ரூலி அன்லிமிடெட்" என்று அறிவித்தது. உள்ளே போய்ப் பார்த்தவர்கள் மாதம் 3300 ஜிபி என்ற வரம்பைக் கண்டுபிடித்தார்கள். ஏர்டெல் திட்டங்களிலும் அதே 3300. அதே வருஷம் பிஎஸ்என்எல் தன் 449 ரூபாய் திட்டத்தில் 3300 ஜிபி வரை 30 எம்பிபிஎஸ், அதன்பிறகு 2 எம்பிபிஎஸ் என்று திட்டத்தோடு சேர்த்தே போட்டது. அளவு ஒன்றுதான். ஒருவர் முகப்பில் எழுதினார், மற்றவர் கொல்லைப்புறத்தில் எழுதினார்.

3300 ஜிபி என்பது ஒரு நாளைக்கு 110 ஜிபி. சாதாரணக் குடும்பம் அந்தப் பக்கமே போகாது என்பது சரிதான். ஆனால் 300 எம்பிபிஎஸ் வேகத்துக்குக் காசு கட்டியவர் அந்த வேகத்தை முழுசாகப் பயன்படுத்தினால் 3300 ஜிபி சுமார் 24 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நம்பாதவர்கள் பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், மறந்துவிடாதீர்கள். முப்பது நாள் வாடகை வாங்கிக்கொண்டு ஒரு நாளைக்குத்தான் முழு வேகம் என்றால் அதற்குப் பெயர் அளவு இல்லாததா?

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. அமெரிக்காவில் காம்காஸ்ட் கம்பெனி, அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொல்லிச் சிலருடைய இணைப்பையே துண்டித்தது. அளவு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு, 2008 அக்டோபரிலிருந்து மாதம் 250 ஜிபி என்று வாயைத் திறந்து சொன்னது.

நம் நாட்டில் விதி இல்லை என்று நினைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபர் 31 அன்றே உத்தரவு போட்டிருக்கிறது. எத்தனை ஜிபி வரை என்ன வேகம், அதன்பிறகு என்ன வேகம் என்று திட்டத்தோடு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 50 சதவீதம், 90 சதவீதம், 100 சதவீதம் ஆகும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. "உங்கள் டேட்டா பாதி முடிந்துவிட்டது" என்று 10ஆம் தேதி ஒரு மெசேஜ் வந்திருந்தால் அன்றைக்கே டிவியை அணைத்திருப்பேன், அந்தப் பிள்ளைகளும் தேர்வை எழுதி முடித்திருப்பார்கள்.

2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்டுக்கு இலக்கணத்தையும் மாற்றியது. முன்பு 512 கேபிபிஎஸ் போதும் என்றிருந்தது, இப்போது குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும். என் நோட்டில் மாதம் பத்து நாள் 1ஐத் தாண்டவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்கு வந்தது பிராட்பேண்டே இல்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து நான் கட்டுவது 706 ரூபாய் 82 காசு. மூன்றில் ஒரு பங்கு 235 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. பீடி சுற்றுகிற வீட்டில் அது எத்தனை நாள் காய்கறிச் செலவு?

அந்த நட்சத்திரத்துக்கும் விதி இருக்கிறது. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, விளம்பரம் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதேதான். அதாவது, தமிழில் "அன்லிமிடெட்" என்று கூவிவிட்டு ஆங்கிலத்தில் முணுமுணுக்கக் கூடாது. இதை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மொழிப்பாடம் நடத்தியது வீண் போகவில்லை.

நோட்டைப் படம் எடுத்து கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டேன், புகார் எண்ணும் வாங்கிவிட்டேன். அந்த எண் முக்கியம், வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் சரியில்லை என்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும், எழுதுவேன். அதற்கும் அசையவில்லை என்றால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. "235 ரூபாய்க்கா கோர்ட்டு?" என்று எங்க வீட்டு சார் சிரிக்கிறார். அவர் இப்போது ரேடியோவுக்குத் திரும்பிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் மகள் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அவளாகவே மன்னிப்புக் கேட்டாள். சின்னவள் மறுநாளே வந்துவிட்டாள். பெரியவள் நான்கு நாள் கழித்து வந்தாள். இப்போதும் வகுப்பு முடிந்ததும், "எவ்வளவு ஆச்சு டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.

உங்கள் வீட்டுத் திட்டத்தில் எத்தனை ஜிபி வரை முழு வேகம், அதன்பிறகு எவ்வளவு என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கிடைத்த பதிலை உங்கள் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பாளை, வைகுண்டம் எதுவானாலும் சரி, சென்னை, துபாய் என்றாலும் சரி. நோட்டில் இன்னும் பதினெட்டுப் பக்கம் பாக்கி இருக்கிறது. தட்டியில் நட்சத்திரம் இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள், அடுத்த கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.