அறுபதாம் கல்யாணம் சரி. பவர் பத்திரம் சரியா?

திருக்கடையூரில் கல்யாணக் கூட்டத்துக்குக் குறைவே கிடையாது. மாப்பிள்ளைக்கு வயது 60. பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவு. 60 நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, 70-க்கு பீமரத சாந்தி, 80 தாண்டினால் சதாபிஷேகம். அமிர்தகடேசுவரர் கோவிலில் மாலை மாற்றி, அபிராமியைக் கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் லீவு போட்டு வருவதும் இதற்காகத்தான். குடும்பம் மொத்தமும் ஓரிடத்தில் கூடுவது அந்த நாலைந்து நாள். சாப்பாடு செரிப்பதற்குள் பேச்சு நிலத்துக்குத் திரும்புகிறது.

"இனிமே நீங்க ஏன் அலையணும்? தம்பி பேருக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துடுங்கப்பா. எல்லாத்தையும் அவனே பாத்துக்கட்டும்!"

பெரியவரும் தலையாட்டுகிறார். பத்திரம் எழுதுகிறவரிடம் தயாராக ஒரு நகல் இருக்கிறது. பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றினால் போதும். சார்பதிவாளர் ஆபீசில் போட்டோ, கைரேகை, கையெழுத்து. வேலை முடிந்தது!

முடிந்ததா? வில்லங்கம் ஆரம்பமாவதே அங்கேதான்.

எமனுக்கு முன் செல்லாது

மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த தலம் திருக்கடையூர். ஆனால் அந்தச் சலுகை பவர் பத்திரத்துக்குக் கிடையாது. கொடுத்தவர் கண்ணை மூடினால் பவரும் அதோடு சரி. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அப்பா போனது தெரிந்தும் பழைய பவரை வைத்துக் கிரயம் செய்தால் அது நிற்காது. அதனால்தான் பவர் ஏஜெண்டு பத்திரம் பதிய வந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கேட்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதியும் அதே பிரிவில் இருக்கிறது. கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தாலும் பவர் போச்சு! "அப்பாவுக்கு நினைவு தப்பினா நாம பாத்துக்கலாம்" என்றுதானே பவரே வாங்குகிறார்கள்? எந்த நாளுக்காக வாங்கினார்களோ, அந்த நாளில் அது வெறும் காகிதம்.

இங்கிலாந்தில் 2007 முதலும், சிங்கப்பூரில் 2010 முதலும், நினைவு தப்பிய பிறகும் செல்லக்கூடிய தனி வகைப் பவர் இருக்கிறது. அங்கிருந்து வருகிற பிள்ளை இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார். இங்கே அப்படி இல்லை. கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

2024-ல் சென்னை ஐகோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. கணவர் கோமாவில். வைத்தியச் செலவுக்கும் குடும்பத்துக்கும் பணம் வேண்டும். சொத்தோ அவர் பேரில். தன்னைக் காப்பாளராக நியமிக்கும்படி மனைவி கேட்டார். சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி முதலில் மனு தள்ளுபடி ஆனது. அப்பீலில்தான் இரண்டு நீதிபதிகள் அவரைக் காப்பாளராக நியமித்தார்கள். சொந்தக் கணவரின் சொத்தை விற்க ஒரு மனைவி இத்தனை படி ஏறவேண்டியிருந்தது!

பவர் வேறு, கிரயம் வேறு

அடுத்த கூத்து, பவர் வாங்கியே நிலம் வாங்குவது. முத்திரைச் செலவு மிச்சம் என்று புரோக்கர்கள் ஆசை காட்டுவார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2011 அக்டோபர் 11-ந் தேதி சூரஜ் லாம்ப் வழக்கில் ஒரே போடாகப் போட்டது: பவரைக் கையில் வைத்திருப்பதால் சொத்து சொந்தமாகிவிடாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். பெண்டாட்டி, பிள்ளை, உடன்பிறந்தவர்களுக்கு நிர்வாகத்துக்காகக் கொடுக்கிற நியாயமான பவருக்கு இதனால் கெடுதல் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆக, பவர் தப்பில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கொடுப்பதுதான் தப்பு.

யாருடைய வக்கீல்?

பவர் எழுத வக்கீலிடம் போவது நல்லது. ஆனால் அவர் யாருடைய வக்கீல்? புரோக்கர் கூட்டி வந்தவரா? பவர் வாங்கப்போகிறவரின் சிநேகிதரா? கொடுக்கிறவரைத் தனியே உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன வேணும் பெரியவரே?" என்று கேட்கிறவர்தான் அவருடைய வக்கீல்.

அப்படிக் கேட்டால் விஷயம் சின்னதாகிவிடும். குத்தகை வாங்கவேண்டும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடவேண்டும், வரி கட்டவேண்டும், பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீசுக்கு அலையவேண்டும். இவ்வளவுதானே? இதை மட்டும் எழுதினால் போதும். விற்கவும், அடகு வைக்கவும் எதற்கு அதிகாரம்? விற்றே ஆகவேண்டுமென்றால் அந்த ஒரு நிலத்துக்குத் தனிப் பவர். பணம் கொடுத்தவரின் பாங்கிக் கணக்கிலேயே விழவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

அசையாச் சொத்துக்கான பவரை இங்கே எழுதினால் பதிவு செய்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இது கட்டாயம். நோட்டரி முத்திரை மட்டும் போதாது. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடவேண்டும்.

மனம் மாறினால்? "ரத்து பண்ணிட்டேன்" என்று வாயால் சொன்னால் ஆகாது. ரத்துப் பத்திரம் பதிந்து, ஏஜெண்டுக்கு நோட்டீஸ் போகவேண்டும். பணம் வாங்கிக்கொண்டு, சொத்தில் ஏஜெண்டுக்கும் பாத்தியதை வைத்து எழுதிய பவரை இஷ்டத்துக்கு ரத்து செய்யவும் முடியாது. கையெழுத்துக்கு முன் இதைச் சொல்லாத வக்கீல் என்ன வக்கீல்?

தமக்குப் பிறகு யாருக்கு என்ன என்பது பவர் வேலையே அல்ல. அதற்கு உயில் தனியாக எழுதவேண்டும்.

சந்தேகமா?

"பெத்த புள்ளை மேலேயே சந்தேகமா?" என்று உடனே கேட்பார்கள். சந்தேகம் இல்லை. வரம்பு கட்டிய பவர் நல்ல பிள்ளைக்குத்தான் கவசம். ஊரிலேயே இருந்து அப்பா அம்மாவையும் பார்த்து, குறுவைக்கும் சம்பாவுக்கும் வயலில் நிற்கிற தம்பியைப் பார்த்து, நாளைக்கு வெளிநாட்டு அண்ணனும் கட்டிக்கொடுத்த அக்காவும் "நீ எவ்வளவு சாப்பிட்டே?" என்று கேட்டுவிடக் கூடாதல்லவா? எழுத்தும் கணக்கும் சுத்தமாக இருந்தால் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை.

எல்லாரும் ஊரில் இருக்கும்போது, எல்லார் காதிலும் விழும்படி, ஒரு தடவை பத்திரத்தைப் படிக்கச் சொல்லவேண்டும். வக்கீல் பீஸ் பந்தல் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. அதை மிச்சம் பிடித்த குடும்பங்கள்தான் பிறகு கோர்ட்டு வாசலில், ஆளுக்கொரு வக்கீல் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கின்றன.