மேப்பிள் சிரப்புக்குக் கைதட்டு, கருப்பட்டிக்குப் பேரமா?

அக்கா மகன் அமெரிக்காவுல, வெர்மான்ட்ல இருக்கான். போன மார்ச்சுல குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு படம் போட்டான். வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற மேப்பிள் மரத்துல துளை போட்டு, சின்னக் குழாய் சொருகி, வாளி மாட்டியிருந்தான். ராத்திரி உறைபனி, பகல்ல வெயில். அப்பதான் சாறு சொட்டுமாம். அதுல சர்க்கரை 2 சதவீதம் அளவுக்குத்தான். 40 லிட்டர் காய்ச்சினா 1 லிட்டர் சிரப். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அடுப்பு முன்னாடியே நின்னிருக்கான். குடும்பமே கைதட்டுச்சு. நானும்தான். நல்ல பொழுதுபோக்கு, குறை சொல்ல ஒண்ணுமில்லை.

கோவம் வந்தது மறுவாரம். கைதட்டுன அதே சொந்தக்காரங்க சென்னையிலேர்ந்து போன் பண்ணி, "கருப்பட்டி ஏன் இவ்வளவு விலை? இங்க கடையில பாதி விலைக்குக் கிடைக்குதே"ன்னாங்க.

கேளுங்க. எங்க விளையில ஏறுறவர் 20 பனை ஏறுறார். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வாளியை மாட்டிட்டு வீட்டுக்குள்ள போயிட முடியாது. ஏறும்போதெல்லாம் பாளையைச் சீவணும், கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவணும். ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது. பிடி நழுவினா உயிர் போச்சு. இறக்குன பதநீரை அன்னிக்கே விடிலியில அவர் வீட்டம்மா காய்ச்சுறாங்க, கண்ணு எரிய எரிய. 8, 10 லிட்டருக்கு 1 கிலோ கருப்பட்டி.

"மேப்பிளுக்கு 40, பனைக்கு 10தானே"ன்னு கணக்குப் பேசாதீங்க. மேப்பிள் மரத்துல யாரும் உச்சிக்கு ஏறுறதில்லை.

பாதி விலைக்கு எப்படிக் கிடைக்குது? விறகும் கூலியும் குறையலை. குறைஞ்சது பதநீர்தான். அந்த இடத்துல சீனி இருக்கு. பேரம் பேசி மிச்சம் பிடிச்சு, வெள்ளைச் சீனியைக் கறுப்பாத் திங்கிறீங்க. இடைத்தரகர் கொள்ளையடிக்கிறான்னு சொல்றீங்களா? சரி, விடிலிக்கே வாங்க. காசை அந்தம்மா கையில குடுங்க.

உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷம். ஆனா குறியீடு மரம் ஏறாது. எங்க ஆளுக்கு வயசு 58. அவர் மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. இவர் இறங்கிட்டா எங்க விளையில ஏற ஆள் இல்லை. அப்புறம் எவ்வளவு காசு நீட்டினாலும் உங்களுக்குச் சீனிதான்.

மருமகன் மட்டும் விலையே கேக்கலை. "மாமா, அஞ்சு கிலோ எடுத்து வைங்க"ன்னான். ரெண்டு நாள் அடுப்பு முன்னாடி நின்னவன்ல.